அப்பா கேட்ட கேசட்

அன்புத் தம்பிக்கு,

லண்டனிலிருந்து நீ அனுப்பிய கேசட் கிடைத்தது. அட்டையில் உன் படம் அழகாக இருக்கிறது. உள்ளே பாட்டை எங்கே வைத்தாய் என்றுதான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கோபிக்காதேடா. மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு என்ன தெரியும்? முதல் தடவை போட்டதும் பக்கத்து வீட்டு பிலோமினா ஓடி வந்து, "அக்கா, ரேடியோ கெட்டுப்போச்சா? ரிப்பேருக்குக் குடுங்களேன்" என்றாள். "என் தம்பி கிட்டார் வாசிக்கிறான்" என்றேன். பாவம், வந்த வழியே போய்விட்டாள்.

வீட்டுக்கு வரலாமா என்று அப்பாவிடம் கேட்கச் சொல்லியிருந்தாய். எனக்குத் தைரியம் வரவில்லை. துறைமுக ஆபீஸ் வேலையை நீ விட்டுப் போனதிலிருந்து உன் பேச்சையே எடுக்காதவர். அதனால் கேசட்டைப் போட்டுவிட்டுச் சமையலறையில் நின்றுகொண்டேன்.

நடுவில் கிட்டார் கம்பியை எதையோ வைத்துத் தேய்த்து, கிறீச்சென்று இழுத்துக்கொண்டே போகிறாயே, அந்த இடத்தில் அப்பா எழுந்து வந்தார். நிறுத்தப் போகிறார் என்றே நினைத்தேன். டேப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"இது வின்ச்சு. சரக்கு பாதியில தொங்குது."

முப்பது வருஷம் கப்பலில் சரக்கைத் தூக்கி இறக்கும் அந்த வின்ச்சை ஓட்டிய கை, அதன் பிடியைப் பிடிப்பதுபோல் தானாக மடங்கிக்கொண்டது. சத்தம் அடங்கியதும்தான் மூச்சு விட்டார்.

"நல்லாத்தான் இறக்கிட்டான்," என்றார். பிறகு என்னை முறைத்தார். "இந்தப் பெட்டியில ஒழுங்காவே கேக்கல. அவனை வந்து வாசிக்கச் சொல்லு."

டிக்கெட் எடுடா.

உன் பாட்டு இன்னும் புரியாத,
அக்கா