ஜூலையில் நீங்கள் தங்கப்போகும் வீடு

கோர்ச்சுலா தீவு
மே மாதம் நான்காம் தேதி

அன்பு மகள் நெவென்காவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் ஆறு கோழிகளும் சுகம், என் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை. அங்கே பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதமும் போட்டோக்களும் போன வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணினபோது மழையையும் கோழியையும் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன், சொல்ல வேண்டியதற்கு வாய் வரவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நாலாம் வகுப்போடு நின்ற கையெழுத்து, பொறுமையாகப் படி.

பதினாலு வருஷம் கழித்து இரண்டு வாரம் லீவுக்கு வருகிறீர்கள் என்றதும் சந்தோஷம்தான், ஆனால் அம்மாவுக்குச் சிரமம் வேண்டாம், குழந்தைகளுக்குக் கடல் பக்கத்தில் இருக்க வேண்டுமாம், அதனால் வாடகைக்கு வீடு பிடித்துவிட்டோம் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு என்ன சிரமம்? போன தடவை மாப்பிள்ளை நான் செய்த கீரையும் உருளைக்கிழங்கும் மூன்று வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினார், அது ஒரு செவ்வாய்க்கிழமை, அன்றைக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை, மறக்கவும் இல்லை. அது கிடக்கட்டும். போட்டோக்களைப் பார்த்தேன். வெள்ளைச் சுவர், நீலக் கதவு, நீச்சல் குளம், கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குளம் எதற்கோ. எந்த இடம் என்று முதலில் பிடிபடவில்லை. மூன்றாவது போட்டோவில் மூலையில் இரண்டாகப் பிளந்த ஓர் அத்தி மரம், அதன் அடியில் மழைத் தண்ணீர்த் தொட்டி, தொட்டி விளிம்பில் ஒரு சிலுவை. அந்தச் சிலுவையை உளி வைத்து வெட்டினவர் உன் தாத்தா. நீ பிடித்திருக்கிற வீடு உன் சித்தி வின்காவுடையது. அவள் மகன் டாமிர் ஐந்து வருஷத்துக்கு முன்னால் கட்டினான், நீ இங்கே இருந்த காலத்தில் அங்கே பாறையும் முள்ளும் இந்த அத்தி மரமும்தான், உன்னை நான் அந்தப் பக்கம் விட்டதும் இல்லை, உனக்கு எப்படித் தெரியும்.

நானும் அவளும் பேசி நாற்பத்து மூன்று வருஷம் ஆகிறது. உன் தாத்தாவை அடக்கம் பண்ணின அன்று கோவில் வாசலில், தெற்குக் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது, ஊரே நிற்கும்போது அவள் என்னைத் திருடி என்றாள். அன்றைக்கு அவள் கட்டியிருந்த கறுப்புத் தலைத்துணிகூட என்னிடம் இரவல் வாங்கினது, இன்னும் திருப்பித் தரவில்லை. இப்போது ரொட்டிக் கடையில் எதிர்ப்பட்டால் கடைக்காரி காத்தா வழியாகத்தான் பேச்சு. போன திங்கட்கிழமை வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள். திரும்பிப் பார்க்காமலே, "ஏ காத்தா, பின்னால நிக்கிறவகிட்ட சொல்லு, அவ மக ஜூலையில நம்ம வீட்டுக்குத்தான் வர்றா, பேரைப் பாத்ததுமே டாமிருக்குத் தெரிஞ்சுபோச்சு" என்கிறாள். நான் விடுவேனா, "காத்தா, முன்னால நிக்கிறவகிட்ட சொல்லு, என் வீட்லயும் கட்டில் இருக்கு, கூரையும் ஒழுகலன்னு" என்றேன். அதற்கு அவள், "இருக்கும் இருக்கும், ஆனா பிள்ளைங்க கல்லு மேல படுத்துப் பழகட்டும்னு சொல்லு, நான் பழகலையா?" என்றாள். காத்தா ரொட்டிக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அடியே கிழவிகளா, ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது, நான் என்ன தபால்காரியா?" என்றாள், அவளுக்கே எழுபது ஆகிறது. கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் ரொட்டி வாங்காமலே வந்துவிட்டேன்.

கல் என்று அவள் ஏன் சொன்னாள் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. எனக்கு அப்போது வயது இருபத்தொன்று, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, வின்காவுக்குப் பன்னிரண்டு. என் அப்பாவிடம் இருந்தது இரண்டே நிலம், ஊர்ப் பக்கம் திராட்சைத் தோட்டம், கடல் பக்கம் அந்தப் பாறை. அந்தக் காலத்தில் கடலோரப் பாறையை இனாமாகக் கொடுத்தாலும் ஒருவரும் வாங்க மாட்டார்கள். அப்பாவுக்கு எழுதத் தெரியாது, சீட்டுக் குலுக்குவதற்குப் பதிலாகத் தன் கம்பளிக் காலுறைக்குள் ஒரு காய்ந்த மொச்சையும் ஒரு கூழாங்கல்லும் போட்டார், மொச்சை எடுக்கிறவளுக்குத் தோட்டம், கல் எடுக்கிறவளுக்குப் பாறை. மூத்தவள் நான் முதலில் கை விட்டேன். விரலில் பட்டது கல்தான். அதன் சில்லிப்பு இன்றைக்கும் விரலில் இருக்கிறது. அதை விட்டுவிட்டுத் துழாவி மொச்சையை எடுத்தேன். "அக்கா கை உள்ள ரொம்ப நேரம் இருந்துச்சுப்பா" என்றாள் வின்கா. "வாயை மூடு கழுதை" என்றார் அப்பா, ஆனால் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் மிச்சம் இருந்த கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அதைத்தான் கோவில் வாசலில் சொன்னாள். பொய் சொல்லவில்லை, ஊர் கேட்கச் சொன்னாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் பாறைக்கு இப்போது மவுசு வந்துவிட்டதால் அம்மா மனசு மாறிவிட்டாள் என்று நினைக்காதே. அந்தத் தோட்டத்தில்தான் நீ வளர்ந்தாய், படித்தாய், அதில் விளைந்த திராட்சைதான் உன்னை விமானம் ஏற்றியது. அவள் அங்கே குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து, அத்திப் பழத்தைக் காய வைத்து விற்று அந்தப் பையனை வளர்த்தாள். மேலே தோட்டத்தில் நின்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு கூடை திராட்சை கொடுத்தனுப்பினதில்லை.

மே முடிவதற்குள் வேண்டுமானால் வீட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தாய். முதலில் எழுதின கடிதத்தில் மாற்று என்று பெரிய எழுத்தில் எழுதினேன், அதை அடுப்பில் போட்டுவிட்டேன். மாற்றாதே. அங்கேயே தங்குங்கள். பஸ்ஸை விட்டு இறங்கினதும் முதலில் என்னிடம் வாருங்கள், ஒரு வேளை சாப்பிடுங்கள், மாப்பிள்ளைக்குக் கீரை கிடையாது, மீன் பொரிக்கிறேன். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கு. பாதை செங்குத்து, குழந்தைகள் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொள்ளட்டும். அவளிடம் என்ன சொல்வேன் என்று இன்னும் தெரியவில்லை. தலைத்துணியைக் கேட்க மாட்டேன், அது மட்டும் நிச்சயம்.

குழந்தைகளுக்கு ரப்பர் செருப்பு எடுத்து வா, பாறை இடுக்கில் கடல் முள்ளெலி இருக்கும், குத்தினால் முள் லேசில் வராது. உச்சி வெயிலில் தண்ணீரில் இறக்காதே. மாதா உங்கள் எல்லோரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும், உன் குடும்பம் குறையில்லாமல் இருக்கட்டும். ஒன்றை மறக்காதே, டாமிருக்கு எழுதினால் நான் வருவதைச் சொல்லிவிடாதே. சொன்னால் அவள் வாசலில் வந்து நிற்பாள், அவள் நிற்பதைப் பார்த்தால் நான் பாதி வழியில் திரும்பிவிடுவேன். அங்கே காத்தா இருக்க மாட்டாள், நாங்களேதான் பேசியாக வேண்டும்.

உன் அம்மா,
யாக்கிட்சா