குப்பம்மா அத்தை விழாத கல்யாண ஃபோட்டோக்கள்

திருவொற்றியூர்
22.10.2008

அன்பு மகள் மாயாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் நைனாவும் இங்கே கை கால் சுகத்தோடு, சண்டையும் சிரிப்புமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை பீம்ராவும் அந்த டப்ளின் குளிரில் அதேபோல் நன்றாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுக்கிறேன். போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் உன் நைனா பக்கத்திலிருந்து பிடுங்கிக்கொள்கிறார், எதையும் முழுசாகச் சொல்ல முடிவதில்லை. அதுவுமில்லாமல் இந்தக் கவருக்குள் உன் கல்யாண ஃபோட்டோ சிடி வருகிறது, வெறும் சிடியை அனுப்ப மனசு வரவில்லை. முதலில் கடிதத்தைப் படி, அப்புறம் சிடியைப் போடு. மாற்றிச் செய்தால் ருசி போய்விடும்.

இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. மாடித் தண்ணீர் இன்னும் அதே விரிசல் வழியாகத்தான் படிக்கட்டில் இறங்குகிறது, பூசுகிறேன் என்று நைனா வாங்கி வைத்த சிமெண்ட் பைக்குள்ளேயே கல்லாகிவிடும் போலிருக்கிறது. தினம் ஒரு மணி நேரம் கரண்டை வேறு எடுத்துவிடுகிறார்கள். ரிட்டயர் ஆன மனிதரை வீட்டில் வைத்துக்கொள்வது எவ்வளவு பேஜாரு என்று உனக்குத் தெரியாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் இப்போது என் சமையலறையை ஓட்டப் பார்க்கிறார். அரிசி இங்க கீது, பருப்பு அங்க கீது, இன்னாமே ஒரு ஒழுங்கு வேணாவா என்று காலையிலேயே ஆரம்பித்துவிடுகிறார். அவரைக் கம்ப்யூட்டர் பக்கம் தள்ளிவிட்டது நீ எனக்குச் செய்த பெரிய உபகாரம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாசம் போனில் அழுதாயே, டிசம்பரில் வரும்போது குப்பம்மா அத்தை ஏர்போர்ட்டுக்கு வரவில்லையென்றால் வெளியே வராமல் உள்ளேயே உட்கார்ந்துவிடுவேன் என்று, அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஷிப்ட் போன காலத்தில் உனக்குத் தலை வாரி, பால்வாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வளர்த்தவர் நைனாவின் அக்கா. அப்படிப்பட்டவர் உன் கல்யாண ஆல்பம் வந்த அன்று இந்த அட்டையிலிருந்து அந்த அட்டைவரை இரண்டு தடவை புரட்டிப் பார்த்து, ஊர்ல கீறவங்க எல்லாம் கீறாங்க, நான் ஒருத்திதான் இல்ல என்று சொல்லிவிட்டு மாத்தூருக்கு பஸ் ஏறியவர்தான். இரண்டு வருஷமாக நம் வாசலை மிதிக்கவில்லை, நீ கூப்பிட்டாலும் போனை எடுக்கவில்லை. கல்யாண மேடையில் யாரோடு யார் நின்றார்கள் என்பதற்கே ஆயுசு முழுக்கப் பேசாமல் இருக்கிற ஜனம் நம் ஜனம். சொந்த அத்தை ஒரு ஃபோட்டோவில்கூட இல்லையென்றால் யாருக்குத்தான் பொறுக்கும். ஸ்டுடியோக்காரர் விட்டிருந்தாலும் நைனாவின் சின்ன கேமராவில் எடுத்ததில் எங்கேயாவது அத்தை விழுந்திருப்பார், அதைத் தேடி எடுத்துவிட்டால் சமாதானம் செய்துவிடலாம் என்று நீ சொன்னாய். ஆனால் அத்தனை வருஷத்து ஃபோட்டோவும் நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துக் கொட்டியது மாதிரி கம்ப்யூட்டருக்குள் ஒரே இடத்தில் கிடந்ததே, எங்கே தேடுவது.

ராயபுரம் ஷிப்பிங் ஆபீசில் கழித்துப்போட்டதை நைனா தூக்கிவந்து, வைரஸ் தொல்லை வேண்டாம் என்று நீ லினக்ஸ் போட்டுக்கொடுத்த அதே கம்ப்யூட்டர்தான். மேலே துண்டு போட்டு மூடி வைத்து இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். ஃபோட்டோக்களை அடுக்கிப் பார்க்க மூன்று சாஃப்ட்வேர் பெயர் சொல்லி, எப்படி ஏற்றுவது என்று போனிலேயே சொல்லிக்கொடுத்து, எது உங்களுக்குச் சரிப்படுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள் என்றாய். முதலாவது தேதிவாரியாக அடுக்குவது. நன்றாகத்தான் அடுக்கியது, ஆனால் எல்லாவற்றையும் ஒரே தேதியில் அடுக்கியது. 2003 ஜனவரி ஒன்று. உன் கல்யாணம், என் தம்பி புது வீட்டுக்குப் பால் காய்ச்சியது, நைனாவுக்கு ரிட்டயர்மெண்ட் மாலை போட்டது, மாப்பிள்ளை வீட்டு நாய் குட்டி போட்டது எல்லாம் ஒரே நாளில். இன்னாமே இது, பாப்பா கல்யாணத்தன்னிக்கே நான் ரிட்டயர் ஆயிட்டேனா என்று நைனா மெஷினைத் திட்டினார். மெஷின் மேல் ஒரு தப்பும் இல்லை. டார்ச், ரிமோட், கடிகாரம் எதுவானாலும் வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டுகிறவராயிற்றே. கேமராவுக்கும் அதே வைத்தியம்தான். ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் அது தேதியை மறந்துவிடும், திரும்பப் போட்டதும் பாவம் தேதி கேட்கும், இவர் சரி சரி என்று ஏதோ ஒரு பட்டனை அமுக்கிவிட்டு எடுக்க ஆரம்பித்துவிடுவார். தேதியை நம்பினால் இந்த வீட்டில் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது என்று முதலாவதை மூடி வைத்தேன்.

இரண்டாவதில் இல்லாத வசதி இல்லை. சிவந்துபோன கண்ணைக் கருப்பாக்கும், மங்கலை வெளிச்சமாக்கும். நல்ல கம்ப்யூட்டரில் அது ராஜாவாக ஓடும் என்றுதான் நினைக்கிறேன். நம்முடையதில் ஏற்றியது மாட்டு வண்டியில் கண்டெய்னரை ஏற்றியது மாதிரி ஆகிவிட்டது. திறக்கச் சொல்லிவிட்டு உலை வைத்தால் சோறு வடித்து முடித்த பிறகு திறக்கும். எல்லா ஃபோட்டோவையும் ஒருமுறை தானே பார்த்து முடித்தால்தான் நமக்குக் காட்டுவேன் என்று உட்கார்ந்துகொண்டது, முடியப்போகிற நேரத்தில் கரண்ட் போனது, மறுபடி முதலிலிருந்து. நைனாவுக்கு அதைத்தான் பிடித்திருந்தது. எவ்ளோ பட்டன் கீது பாரு என்று சின்னப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். நான் விடவில்லை. மூன்றாவது ஜிதம்ப் என்றாயே, அதைத் திறந்தேன். அதற்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். ஃபோட்டோவை இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டு, தபால்தலை அளவுக்குச் சின்னச் சின்னதாக வரிசையில் காட்டும், தொட்டால் பெரிதாகும், யார் எவர் என்று கீழே எழுதியும் வைக்கலாம். இதுதான் நம் வீட்டுக்கு வாய்த்த மருமகள் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அப்படிச் சின்னதாக வரிசையில் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. உன் கல்யாண மேடை ஃபோட்டோ அத்தனையிலும் வலது பக்கம் மேல் மூலையில் பழுப்பாக ஒரு கறை. ஒன்றில் என் தலையே இல்லை, ஒன்றில் உன் மாமனாருக்குப் பாதி முகம்தான் மிச்சம். யாரோ விரலை வைத்து மறைத்துக்கொண்டே எடுத்திருக்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தவரை அது தெரியவில்லை. கெட்டுப்போனதையெல்லாம் அழித்துவிடுங்கள், இடமாவது மிஞ்சும் என்று நீயும் சொல்லியிருந்தாய், நைனா மவுசைப் பிடித்துக்கொண்டு அழிக்க உட்கார்ந்துவிட்டார். இரு இரு, யார் எடுத்தது இதை என்று கேட்டேன். நான்தான் என்றார். பொண்ணுக்கு அப்பனா நீ மேடையில நின்னுகினு கீற, நீ எப்பிடி எடுப்ப என்றேன். அப்போ தோஸ்து எவனாவது எடுத்திருப்பான் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். நீயும் மாப்பிள்ளையும் மாலையோடு புத்தர் படத்துக்கு முன்னால் நிற்பீர்களே, அதில் பிளாஷ் அடிக்கவில்லை, படத்தின் கண்ணாடியில் ஏதோ பச்சையாகத் தெரிந்தது. இன்னும் பெரிதாக்கினேன். கிளிப்பச்சைப் புடவை. முகத்துக்கு நேரே நம் கேமரா, ஒரு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, நாக்கு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, உங்கள் இரண்டு பேர் தோளுக்கும் நடுவில் உன் குப்பம்மா அத்தை. நைனா மவுசை விட்டுவிட்டார். ரெண்டு நிமிசம் புடின்னு நான்தான் அக்கா கையில குடுத்தேன், அப்பறம் மறந்தே பூட்டேன் என்று தலையில் கையை வைத்துக்கொண்டார்.

மறுநாளே அதைத் தேரடி ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாகப் போடச் சொன்னோம். மூலையில் இருக்கிற விரலையும் கண்ணாடியில் விழுந்த நிழலையும் எடுத்துவிட்டால் பளிச்சென்று இருக்கும் என்றார் அவர். அந்த நிழலுக்காகத்தான் வந்திருக்கிறோம், அதில் கை வைக்காதீங்க என்று சொன்னேன். மாத்தூர் பஸ் மணலி ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் நைனா என்னிடம் பத்து விதமாகப் பேசிப் பார்த்துக்கொண்டார், அங்கே போனதும் என்னை முன்னால் தள்ளிவிட்டு என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அத்தை கதவைத் திறந்துவிட்டு வாசல்படியிலேயே நின்றார். ஃபோட்டோவைக் கையில் கொடுத்தேன். கண்ணாடி மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் சொன்னார், இப்பவாவது தெரிஞ்சிச்சா. மாமன வா, சித்திய வா, பக்கத்து வூட்டுக்காரன வான்னு எல்லாரையும் மேடைக்குக் கூப்ட்டீங்க, நானும் புடிச்சிகினே இருந்தேன், அக்கா கேமராவ குடு, நீ போயி புள்ள பக்கத்துல நில்லுன்னு ஒரு வாய் சொல்வீங்கன்னு பாத்துகினே இருந்தேன், ஒருத்தரும் சொல்லல. அதை அன்றைக்கே வாய் விட்டுச் சொல்லியிருக்கலாமே என்று கேட்க வந்து விழுங்கிக்கொண்டேன். நைனா அக்கா கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டார். அத்தை மறுபடி ஃபோட்டோவைப் பார்த்தார், நாக்க வேற கடிச்சிகினு, மூஞ்சப் பாரு கண்றாவியா கீது என்று சிரிக்க ஆரம்பித்தவர்தான், டீ போடும்போதும் நிறுத்தவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டு சங்கரா மீனோடு நம் வீட்டுக்கே வந்துவிட்டார். குழம்பு கொதிக்கும்போதே கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நான் எட்த்தது எல்லாத்தையும் காட்டு என்றார். நைனா சும்மா இருக்கமாட்டாமல், இந்த விரல் இருக்கிற மூலையை மட்டும் வெட்டிவிடட்டுமா, அதற்கும் இதில் வழி இருக்கிறது என்றார். வெரல வெட்டினா அப்பறம் நான் கல்யாணத்துக்கு வந்ததே தெரியாது, வுட்ரா என்று அத்தை போட்ட சத்தம் தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும். அதனால் ஒன்றையும் வெட்டவில்லை, ஒன்றையும் அழிக்கவில்லை. ஒவ்வொன்றின் கீழேயும், எடுத்தது குப்பம்மா அத்தை என்று நானே ஒற்றை விரலால் தட்டி வைத்திருக்கிறேன். நீயும் அங்கே கெட்டிக்காரத்தனம் காட்டி எதையும் சுத்தம் செய்துவிடாதே. பேட்டரி இனிமேல் கேமராவிலேயே இருக்க வேண்டும் என்பது அத்தையின் உத்தரவு, நைனா முணுமுணுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேலை வேலை என்று ராத்திரிச் சாப்பாட்டை பிஸ்கட்டோடு முடிக்காதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டு நீண்ட நாள் வாழ வேண்டும். நீ ஏர்போர்ட்டுக்குள்ளேயே உட்கார வேண்டியதில்லை, கிளிப்பச்சைப் புடவையை அத்தை இப்போதே தோய்த்து மடித்து வைத்துவிட்டார். வெளியே வந்ததும் பெட்டியை நைனாவிடம் கொடுத்துவிட்டு நேராகப் போய் அத்தை பக்கத்தில் நில். கேமரா என் கையில் இருக்கும். மூலையில் என் விரல் விழுந்தால் பொறுத்துக்கொள்.

உன் வரவை எண்ணிக்கொண்டிருக்கும்
அம்மா மலர்க்கொடி