விரிப்பை மடித்த இரண்டாவது பெண்

வார்டோ,
பிப்ரவரி 6

அன்பு மகள் சுன்னிவாவுக்கு,

நானும் உன் அப்பாவும் உடல்நலத்தோடும் வழக்கமான சச்சரவுகளோடும் இருக்கிறோம். பெர்கன் மழை உன் காலணிக்குள் மட்டும் புகுந்து நெஞ்சுக்குள் புகாமல் நீயும் நலமாய் இருக்கிறாய் என்று நம்பி இம்மடலைத் தொடங்குகிறேன். இரு மாதக் குளிர்கால இருளுக்குப் பின், இரு வாரத்துக்கு முன் கதிரவன் முழுவட்டமாய் எழுந்தான். கோட்டைப் பீரங்கி முழங்கியது, பள்ளிக்கு விடுமுறை, தெருவெங்கும் பிள்ளைகள். உன் அப்பா படகுப் பொறியைப் பிரித்து மீண்டும் பூட்டிவிட்டார்; ஒரு திருகாணி மட்டும் மிஞ்சியிருக்கிறது, அதைப் பற்றி வீட்டில் எவரும் பேசக் கூடாதாம்.

உன் மடலை மும்முறை படித்தேன். மருத்துவமனைச் சலவைக்கூடப் பெண்கள் ஒன்பதின்மரைப் புதன்தோறும் கலைக்கூடத்துக்கு அழைத்து, ஓவியத்தின் முன் அமர்த்தி, பேச வைப்பது உன் பயிற்சிப் பணி. அவர்கள் சொல்வதை எல்லாரும் அறியும்படி நீ உன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும், பிறகு அட்டையில் எழுதி ஓவியத்தின் அருகே மாட்ட வேண்டும். சன்னலோரம் வெள்ளை விரிப்பை ஏந்தி நிற்கும் பெண்ணின் ஓவியத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, குன்வோர் என்னும் அம்மையார், இந்த மடிப்பு ஒருத்தி மடித்தால் விழாது, இருவர் மடித்தது, இன்னொருத்தி எங்கே என்று கேட்டார். நீயோ, உழைக்கும் பெண்ணின் தனிமையைக் குன்வோர் இங்கே காண்கிறார் என்று திருப்பிச் சொன்னாய். “தனிமைன்னு நான் எங்க சொன்னேன் பொண்ணே? ரெண்டு பேருன்னுல்ல சொன்னேன்” என்றார் அவர். அடுத்த புதன் அவரும் வரவில்லை, அவரோடு நால்வரும் வரவில்லை. இந்தப் பணிக்கு நான் தகுதியற்றவள், பாதியில் விட்டுவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். விடுவதற்கு முன் அட்டைகளையாவது முடித்துக் கொடுக்க வேண்டும், நான்கு வரி நீங்களே எழுதி அனுப்புங்கள், மேடையில் உங்களை வெல்ல ஆளில்லையே என்றும் கேட்டிருக்கிறாய்.

எழுதினேன், மகளே. மறைக்க மாட்டேன், உடனே அமர்ந்து எழுதினேன். சலவைக்கூடத்து நீராவி வந்தது, வெண்மை வந்தது, விடியலும் வந்தது. எழுந்து நின்று உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு ராக்னா. அந்தம்மா இதுல எங்க இருக்காங்க?” என்றார். முப்பதாண்டுத் தொழிற்சங்க மேடையில் எந்த எதிரணிக்காரனும் என்னை இப்படி மடக்கியதில்லை. தாளைக் கிழித்து அடுப்பிலிட்டேன். அப்போது என் நினைவில் நின்றவள் யோர்டிஸ்.

மீன் ஆலையில் என் பக்கத்து மேசையில் நின்று மீன் அறுத்தவள் அவள். வேலைநிறுத்தத்தின் முதல் நாள், ஆலை வாயிலில், முதலாளியிடம் என்னடி கேட்க வேண்டும் என்று அவளிடம் கேட்டேன், சொன்னாள். அடுத்த மணியிலேயே நான் மேடையேறி, எங்கள் கைகள் உறையலாம், எங்கள் உரிமை உறையாது என்று முழங்கினேன். துறைமுகமே கைதட்டியது. அந்த வரி துணியில் எழுதப்பட்டு இன்றும் சங்கக் கூடத்தில் தொங்குகிறது; சிறுமியாய் அதன் கீழ் நின்று நீ பெருமைப்பட்டிருக்கிறாய். வென்றோம். வேலை நேரம் குறைந்தது, ஓய்வறை வந்தது. யோர்டிஸ் மட்டும் அதற்குப் பின் எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்கவில்லை. கூச்சக்காரி என்று நானே எல்லாரிடமும் சொல்லி வந்தேன்.

நேற்றுப் பிற்பகல் அவள் வீட்டுக்குப் போனேன். அன்று வாயிலில் நீ என்ன சொன்னாய், உன் சொல்லிலேயே சொல் என்றேன். சிரித்தாள். “முப்பத்தோரு வருசம் கழிச்சுக் கேக்க வந்தியாடி? காப்பி ஆறுது, உக்காரு மொதல்ல” என்றாள். பிறகு சொன்னாள்: “காலையில குடுக்கிற கையுறை பத்து மணிக்கெல்லாம் நனைஞ்சுடுது. மத்தியானம் மாத்திக்க இன்னொரு ஜோடி வேணும்னேன். நீ மேல ஏறி என்னமோ அழகா பேசுன. எல்லாரும் தட்டுனாங்க, நானும் தட்டுனேன். ஈரக் கையோட.” நான் எழுதிய கோரிக்கைப் பட்டியலில் கையுறை இல்லை, சுன்னிவா. பதினொரு கோரிக்கை, ஒவ்வொன்றும் என் கையெழுத்து, அதில் அவள் கேட்ட ஒன்று இல்லை. இன்றும் அங்கே நாளுக்கு ஒரு ஜோடிதான். அவளுடைய இடக்கையில் இரு விரல்களுக்கு உணர்வில்லை. கோப்பையை அவள் பிடிக்கும் விதத்தில் அதைக் கண்டேன். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அதற்கும் நான் மேடைக் குரலில்தான் தொடங்கினேன் போலும், போதும்டி என்று கையமர்த்தி, ரொட்டியை என் பக்கம் தள்ளினாள்.

நீ ஒரே நாளில் அறிந்த பிழையை நான் முப்பத்தோராண்டு கழித்து அறிந்தேன். உன்னிடம் குன்வோர் முகத்துக்கு நேரே மறுத்தார். நீ திருந்துவாய் என்று நம்பியதால் மறுத்தார். என்னிடம் யோர்டிஸ் மறுக்கவே இல்லை. ஆகவே நீ விலகாதே, நான்கு வரியையும் என்னிடம் கேட்காதே. உன் கதையை யோர்டிஸிடம் சொன்னேன். அவள் உனக்குச் சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், திருத்தக் கை துடிக்கிறது, திருத்தவில்லை: “அந்தம்மா வேலை முடிஞ்சு வர்ற நேரமா பார்த்துப் போ. பெரிய விரிப்பா ஒண்ணு எடுத்துக்கோ. ஒரு முனையை அவங்க கையில குடு, மறுமுனையை நீ பிடி. அவங்க சொல்றபடி மடி. வாயை மட்டும் திறந்துடாத, உங்கம்மா பொண்ணு நீ.”

வெள்ளிக்குள் அட்டை முடிய வேண்டும் என்பதை மறவாதே. கம்பளிக் காலுறையையும் மறவாதே. உன் கண் கூர்மையாய் இருக்கட்டும், செவி அதனினும் கூர்மையாய் இருக்கட்டும், எங்கிருந்தாலும் நீ நீடு வாழ்க. வரும் வியாழன் இங்கே சங்கக் கூட்டம். முதற்கோரிக்கை கையுறை, பேசுவது யோர்டிஸ். தலைவர் என்னைத்தான் மேடைக்கு அழைத்தார், மறுத்துவிட்டேன். மூன்றாம் வரிசையில் அமர்ந்து கேட்கப் போகிறேன்.

உன் அம்மா,
ராக்னா