செபஸ்தியானின் புருவம்

9 பெப்ரவரி 1979, வெள்ளி

காலையிலிருந்து தூறல். காயப் போட்ட கராம்பு மறுபடி வீட்டுக்குள்ளே.

பின்னேரம் குத்துச்சண்டைச் சங்கக் கூட்டம், என் கடை மாடியில். மீன் அடைத்த மாலுபாணும் தேநீரும் முடிந்ததும் பாதிப் பேர் எழும்பிவிட்டார்கள். செயலாளர் நான். நடுவரும் நானே, மாவட்டத்தில் வேறு எவனும் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணவில்லை. தலைவர் சட்டத்தரணி. கையுறைக்கு நாடா எந்தப் பக்கம் என்று தெரியாது. கேட்டார்: "உம்மட கடையில மூட்டை தூக்கிறவன் சண்டை பிடிக்கேக்க, நீர் நடுவரா நிக்கிறது சரியே?"

எதிரில் நிற்கப்போவது அவருடைய மருமகன் ரவி. அது மட்டும் சரியாம்.

"வேற ஆள் இருந்தா கூட்டிட்டு வாங்க" என்றேன். இல்லை.

நாளை என் மூட்டைக்காரன் செபஸ்தியான் வென்றால் கொழும்பில் ஒரு கூட்டுத்தாபன அணியில் இடம், கூடவே நிரந்தர வேலை. ரவி வென்றால் விறாந்தைச் சுவரில் ஒரு படம்.

வாங்க: மேடைக் கயிற்றில் சுற்ற வெள்ளைத் துணி, பஞ்சு, அயடின்.

10, சனி

வெயில். சங்கத்துக்குச் சொந்தத் தராசு இல்லை. வழக்கம்போல் என் கடைத் தராசில் எடை. செபஸ்தியான் சரி. ரவி ஏறினான். தலைவர் அன்போடு அருகில் நின்று அவன் முழங்கையைத் தாங்கிப் பிடித்தார். மிளகு விற்க வரும் நாவுலக்காரன் கால் விரலால் தட்டை அமுக்குவான், படித்தவர் தூக்குகிறார். அதுவும் தராசோடு குடித்தனம் நடத்துகிறவனிடம்.

"கைய எடுங்க ஐயா."

ஒன்றரை இறாத்தல் அதிகம்.

"உது பெரிய காரியமே? சரியெண்டு எழுதும்."

எழுதவில்லை. விதிப்படி ஒரு மணி நேரம் கொடுத்தேன். ரவி, சொல்லத்தான் வேண்டும், வாய் திறக்காமல் சாக்கைப் போர்த்திக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடினான். இறங்கிவிட்டது.

மாலை, மண்டபம் நிறைந்த கூட்டம். முதல் சுற்று செபஸ்தியானுக்கு. இரண்டாவதில் ரவியின் வலக்கை. செபஸ்தியானின் புருவம் பிளந்தது. கண்ணுக்குள் ரத்தம். வைத்தியர் பார்த்து, இனி முடியாது என்று தலையாட்டினார். நிறுத்தி, ரவியின் கையைத் தூக்கினேன்.

ரவி தலையால் இடித்தான், வெற்றி செல்லாது என்று கூச்சல். பின்வரிசையில் இருந்தவனுக்கெல்லாம் கழுகுக் கண். சிங்களவன் "ஹொரா" என்றான், கள்ளன் என்று. தமிழனும் கூடவே "ஹொரா, ஹொரா." இந்த ஒன்றிலாவது ஒற்றுமை. என் தோளில் வாழைப்பழத் தோல்.

பக்கத்தில் நின்றவன் நான். கைதான். தலை இல்லை.

11, ஞாயிறு

தலைவர் காரில் வந்தார். "நீர் எங்கட ஆள்தான் எண்டு எனக்கு முந்தியே தெரியும்."

வாழைப்பழத் தோல் எவ்வளவோ மேல். தேநீர் கொடுக்கவில்லை.

12, திங்கள்

செபஸ்தியான் வேலைக்கு வந்தான். புருவத்தில் தையல். மூட்டையை இறக்கிவிட்டு நின்றான்.

"வலிக்குதாடா?"

"இல்ல மொதலாளி."

"அது கைதான்டா."

"தெரியுங்க. வாங்குனவன் நான்தானே. ஆனா தலைன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். கொழும்புக்காரங்க இன்னொரு வாட்டி கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க. நீங்க ஒண்ணும் சொல்லிறாதீங்க."

"என்னையக் கேட்டா உள்ளதத்தான் சொல்வேன்."

"கேக்க மாட்டாங்க மொதலாளி. நீங்க காசு வாங்கிட்டீங்கன்னு ஊருக்கே தெரியுமே."

அடுத்த மூட்டைக்குப் போனான்.