காக்கா விட்டுவிட்டுப் போட்ட கோடு

அன்புள்ள காக்கா,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள் என்று சொன்னீர்கள். அன்றிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டேன். நீங்கள் மாரடைப்பில் போன பிறகும் வேறு வார்த்தை வரவில்லை.

வளைகுடாவில் நம் அல் கூஸ் அலுவலகம் அப்படியே இருக்கிறது. வெளியே தார் இளகும் வெயில். உள்ளே, படத்தில் மலையை எழுப்பிக் காட்டும் அதே கறுப்புக் கண்ணாடி. விமானத்திலிருந்து எடுத்த வடதுருவப் படங்களைப் பார்த்து இன்னமும் மேப்புக்கு உயரக் கோடு வரைகிறோம். நோன்பு நாளில், "இம்புட்டுப் பனி கெடக்கு, நாக்கை நனைக்க வழியில்லையே தம்பி" என்று திரையிடம் புலம்புவீர்கள். உங்கள் நாற்காலியில் இப்போது பிரின்டர் உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பள்ளத்தாக்கு ஷீட் நினைவிருக்கிறதா? நிழல் விழுந்து தரை தெரியாத இடத்தில் கோட்டை விட்டுவிட்டுப் போட்டிருந்தீர்கள். 'இங்கே பார்க்கவில்லை' என்று அதற்கு அர்த்தம். மேனேஜர் பின்னால் வந்து நின்றார்.

"கோட்டைச் சேத்துடுங்க பாய். கிளையன்ட்டுக்கு ஓட்டை ஓட்டையா அனுப்ப முடியாது. அங்க யாரு போய்ப் பாக்கப் போறா? கரடி கம்ப்ளைன்ட் பண்ணுமா?"

"போறவன் ஒருத்தன் போவான் சார். அவனுக்குத்தானே மேப்பு?"

"கலாஸ், பேச்சு முடிஞ்சுது. நானே சேத்துக்கறேன்."

அவர் சேர்த்ததைப் பக்கத்து நாற்காலியிலிருந்து நான் கண்ணால் பார்த்தேன்.

போறவன் போனான், காக்கா. மேப்பில் சாதாரணச் சரிவு. அங்கே செங்குத்துப் பாறை. உடலை எடுக்கவே நாளாயிற்றாம். கிளையன்ட் காரணம் கேட்டபோது, மீட்டிங்கில் மேனேஜர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது பாய் போட்ட ஷீட். இறந்தவரை எதுக்குக் குறை சொல்லணும்?" எவ்வளவு பெரிய மனது! எல்லோரும் தலையாட்டினார்கள்.

போன வாரம் உங்கள் மகன் அல் கோபாரிலிருந்து கூப்பிட்டான். அவனும் இதே தொழிலில்தானே இருக்கிறான். பேச்சு அங்கேயும் போய்விட்டது.

"மாமா, வாப்பா தப்பாவா போட்டாங்க?"

எதிரில் மேனேஜர். "அப்புறம் பேசறேன்பா" என்று வைத்துவிட்டேன். அவன் என்ன நினைத்திருப்பான்?

அவனுக்குப் பதில் இதுதான்: நீங்கள் விட்டுவிட்டுத்தான் போட்டீர்கள். சேர்த்தது வேறு கை. நம் ஆட்கள் படிக்கும் பத்திரிகைக்கே இதை அனுப்புகிறேன். இனி என் ஷீட்டில், நிழலுக்குள் எவனையும் கோடு சேர்க்க விடமாட்டேன்.

மேனேஜர் பெயரையும் என் பெயரையும் மட்டும் போடவில்லை. என் விசா அந்த ஆள் கையில். மகள் இங்கே படித்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் தெரியாத இடத்தைத்தான் விட்டீர்கள். நான் தெரிந்த பெயர்களை விட்டுவிட்டுத் தபாலில் போடுகிறேன்.

உங்கள் தம்பி