பிரவீணாவுக்கு ஒரு கொரியச் சாப்பாடு

ஆகஸ்ட் 6, புதன்

பிரவீணாவுக்கு அரசு வேலை ஆணை வந்துவிட்டது. பெரம்பலூரில் ஒரு பள்ளி. மதியம் ஸ்டாஃப் ரூமில் அவள் செல்போனை நீட்டிக் காட்டியதும் நான்தான் முதலில் அழுதேன். சந்தோஷம்தான், பாதிக்கு மேல்.

ஆறு வருடமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். என் டப்பாவில் அவள் கை, அவள் டப்பாவில் என் கை. மேகலா எங்களோடு சேர்ந்து மூன்று வருடம்தான், எங்கள் இருவரையும் அக்கா என்பாள். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். இன்று கேட்டேவிட்டாள்.

"பானுக்கா, திருமானூர் போயி பிரவீணாக்கா வூட்டுல ரெண்டு தடவ நண்டுக் கொழம்பு சாப்ட்டு வந்துட்டோம். ஒங்க வூட்டுல எப்ப?"

பிரவீணா டப்பா கழுவ எழுந்து போனாள். டப்பாவில் இன்னும் பாதிச் சோறு இருந்தது.

"இருபத்தி நாலாந்தேதி, ஞாயித்துக்கெழம," என்றேன். வாய் சொல்லிவிட்டது. மூளைக்குத் தகவல் அப்புறம்தான் போனது.

ஆகஸ்ட் 7, வியாழன்

இதை இங்கேகூட எழுதாவிட்டால் வேறு எங்கே எழுதுவது?

அத்தை, அதாவது என் மாமியார், யாரையும் வாசலில் நிறுத்துகிறவர் இல்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து ஃபேன் போடுவார். காபி கொடுப்பார். ஆனால் சமையலறை அலமாரியில் பேப்பர் கப் கட்டு ஒன்று எப்போதும் இருக்கும். அது யார் யாருக்கு என்று இந்த வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கல்யாணமாகிக் கல்லங்குறிச்சிக்கு வந்த ஒரு வாரத்தில் எனக்கும் தெரிந்துவிட்டது.

போன வருடம் விடைத்தாள் கட்டைக் கொடுக்கப் பிரவீணா வந்தாள். அத்தை அவள் ஊரைக் கேட்டார். எந்தத் தெரு என்று கேட்டார். காலனி என்றாள். அவ்வளவுதான், எனக்கு டம்ளரில் காபி, அவளுக்குப் பேப்பர் கப்பில். குடித்து முடித்துக் கப்பை அவளே நசுக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள். நான் மும்முரமாக விடைத்தாள் எண்ணினேன். முப்பத்தெட்டுத் தாளை மூன்று தடவை.

இவரிடம் சொன்னேன். ஃபேக்டரி ஷிஃப்டுக்குச் சட்டை மாட்டிக்கொண்டே, "அம்மாவ இந்த வயசுல மாத்த முடியுமா? பேசாம ஓட்டல்ல சாப்ட்டுக்குங்க பானு," என்றார்.

ஓட்டலில் சாப்பிட்டால் என் வீட்டில் சாப்பிட்டதாகுமா?

ஆகஸ்ட் 9, சனி

வழி கிடைத்துவிட்டது. கொரியா!

நாங்கள் மூவருமே கொரியத் தொடர் பைத்தியங்கள். தமிழில் பேசவைத்துப் போடுவதை ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டு மறுநாள் இடைவேளையில் அதே பேச்சு. அதில் வருகிறவர்கள் எந்நேரமும் காகிதக் கிண்ணமும் குச்சியுமாகத்தான் திரிகிறார்கள். ஆகவே கொரிய விருந்து. எல்லோருக்கும் காகிதக் கிண்ணம், எல்லோருக்கும் குச்சி. எனக்கும் அதே, மேகலாவுக்கும் அதே. "அந்த ஊர்ல இப்புடித்தாங்கத்தை" என்று சொல்லிவிட்டால் யாருக்கு எந்தத் தட்டு என்ற பேச்சே வராது.

கோழைத்தனம்தான். தெரிகிறது. ஆனால் காரியம் நடக்கும்.

ஆகஸ்ட் 13, புதன்

கிம்ச்சி போட்டேன். அவர்கள் ஊர் நீள முட்டைக்கோஸ் அரியலூரில் எங்கே கிடைக்கும்? நம் உருண்டைக் கோஸ்தான். உப்பில் பிசறி, மிளகாய், பூண்டு, இஞ்சி அரைத்துப் பூசி, ஊறுகாய் ஜாடியில் அமுக்கி மூடி வைத்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

"ஏம்மா பானு, அடுப்படில எலி கிலி செத்துக் கெடக்கா பாரு."

கிம்ச்சி, அத்தை. கிம்ச்சி.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஒத்திகை. படுதோல்வி.

கிம்பாப் என்பது கடல்பாசித் தாளில் சோற்றையும் காய்கறியையும் வைத்துச் சுருட்டி வெட்டுவது. தாள் ஆன்லைனில் வந்துவிட்டது. பொன்னிச் சோறு ஒட்டவே இல்லை. கத்தி வைத்ததும் வாயைப் பிளந்து எல்லாவற்றையும் கொட்டியது. இட்லி அரிசியைக் குழைய வடித்த பிறகுதான் வழிக்கு வந்தது. அடுத்தது டொக்போக்கி. அரிசிமாவை விரல் நீளத்துக்கு உருட்டிக் காரக் குழம்பில் வேகவைக்க வேண்டும். என்னுடையது குழம்பிலேயே கரைந்து கூழாகிவிட்டது.

அத்தை எட்டிப் பார்த்தார். "கொழுக்கட்டதான? கொதிக்கிற தண்ணி ஊத்திப் பெசையணும். தள்ளு." அரை மணி நேரத்தில் நாற்பது உருட்டிவிட்டார், ஒரே அளவில். உருட்டிக்கொண்டே, "அந்தப் பொண்ணு ஒல்லியா இருக்கும்ல? நல்லா சாப்புடச் சொல்லு. படிச்சு கவர்மெண்ட் வேல வாங்கிருக்கு. தங்கமான பொண்ணு," என்றார்.

மனதாரத்தான் சொல்கிறார். இந்த அத்தையை நான் என்ன செய்ய? வெறுக்கவும் வரவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

பெரிய காகிதக் கிண்ணம் கடைத்தெருவில் எங்கும் இல்லை. கேசரி கொடுக்கிற சின்னக் கிண்ணம்தான் இருக்கிறது. ஐம்பது வாங்கினேன். சமாளிப்போம்.

ஆகஸ்ட் 23, சனி

நாளைக்கு. கோழி சொல்லியாகிவிட்டது. குச்சி பன்னிரண்டு ஜோடி. தூக்கம் வரப்போவதில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கே வேறு மாதிரி நினைத்துக்கொள்வேன்.

ஐந்தரைக்கு இருவரும் வந்தார்கள். பிரவீணா புதுச் சுடிதாரில், கை நிறைய மல்லிகை. அத்தைக்கும் ஒரு முழம் கொடுத்தாள். அத்தை வாங்கி வைத்துக்கொண்டார். கூடத்தில் பாய் விரித்துக் கிண்ணங்களைப் பரப்பினேன். குச்சியைப் பார்த்ததும் மேகலா கத்தினாள். கிம்பாப் உடையவில்லை! கிம்ச்சியைத் தின்றுவிட்டு, "எங்க வூட்டு ஊறுகாய விட ஒறப்பா இருக்குடி," என்றாள் பிரவீணா. மூவருக்குமே குச்சி பிடிக்கத் தெரியவில்லை. டொக்போக்கி ஒன்று எகிறிப் போய் டிவிக்கு அடியில் விழுந்தது. அத்தைகூடச் சிரித்தார். அந்தப் பத்து நிமிடம் நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்புறம் நூடுல்ஸ் சூப். கொதிக்கக் கொதிக்க, கோழி போட்டு. ஊற்றி இரண்டு நிமிடம் இருக்காது, கேசரிக் கிண்ணம் அடியில் நெகிழ்ந்து ஒழுக ஆரம்பித்தது. மூன்றும். மேகலா "ஐயோ சுடுது" என்று பாயில் வைத்துவிட்டாள். அத்தை பதறி உள்ளே ஓடினார். திரும்பி வரும்போது கையில் இரண்டு எவர்சில்வர் தட்டு. ஒன்றை மேகலாவிடம் கொடுத்தார், ஒன்றை என்னிடம்.

பிரவீணாவிடம் இன்னும் இரண்டு காகிதக் கிண்ணம். ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு.

"ரெண்டா வச்சுக்கம்மா, ஒழுவாது."

அலமாரியில் பதினைந்து தட்டு இருக்கிறது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து ஆறு அடி. எழுந்து ஒன்றை எடுத்து வந்திருக்கலாம். என் தட்டை அவள் பக்கம் தள்ளியிருக்கலாம். "அத்தை" என்று ஒரு வார்த்தை... வாயில் என்ன வைத்திருந்தேன் நான்? ஒன்றும் செய்யவில்லை. தட்டை வாங்கிக்கொண்டேன். இந்த வரியை எழுதாமல் விட்டுவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். வாங்கிக்கொண்டேன், அதில் ஊற்றிச் சாப்பிட்டேன்.

பிரவீணா, "பரவால்லம்மா, குடுங்க," என்று வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். மேகலா தலையை நிமிர்த்தவே இல்லை.

ஏழு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். மேகலா முன்னால் நடந்துவிட்டாள். கேட்டருகே பிரவீணா மெதுவாகக் கேட்டாள்.

"பானு, கொரியா, குச்சி, எல்லாம் எனக்காகத்தான?"

கேட் கொண்டியைப் போட்டுப் போட்டு எடுத்தேன்.

"ரொம்ப யோசிச்சிருக்க," என்றாள். கோபமே இல்லை. கோபப்பட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா? நாலு வார்த்தை திட்டியிருந்தால் காலில் விழுந்தாவது அழுதிருப்பேனே.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலையில் தைரியம் வந்தது. வந்து என்ன? "ஏங்கத்தை அவளுக்கு மட்டும் தட்டு குடுக்கல?" என்று கேட்டேன்.

அத்தைக்கு நிஜமாகவே புரியவில்லை. "புதுக் கிண்ணந்தான குடுத்தேன்? எச்சியவா குடுத்தேன்?" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "நேத்து ரெண்டு மணி நேரம் குந்திக் கொழுக்கட்ட உருட்டுனேன் அந்தப் பொண்ணுக்கு."

கடைசியில் நான்தான் அவரைச் சமாதானப்படுத்தினேன். இவர் குளித்துவிட்டு வந்து, இன்றைக்கு என்ன குழம்பு என்றார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பிரவீணா இன்று பெரம்பலூரில் சேர்ந்துவிட்டாள். மதியம் பெஞ்சில் மேகலா ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டாள். நானும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பெரிய செய்தி ஒன்று தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். 'ஸாரிடி' என்று மட்டும் போனது. கும்பிடுகிற கை ஒன்று வந்தது. கூடவே, வியாழக்கிழமை வாடகை வீட்டில் பால் காய்ச்சுகிறோம், வா என்று.

கூப்பிட்டுவிட்டாள்!

செப்டம்பர் 4, வியாழன்

மேகலாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் மட்டும் போனேன். அத்தையிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

சின்ன வீடு, நல்ல வெளிச்சம். பிரவீணாவின் சொந்தக்காரர்கள் இருபது பேர் இருப்பார்கள். புதுப் பள்ளி டீச்சர்கள் இரண்டு பேருக்கு என்னை அறிமுகம் செய்துவைத்தாள். "பானு, பழைய ஸ்கூல்ல கூட வேல பாத்தவங்க," என்றாள். வேறென்ன சொல்வாள், அதுவும் உண்மைதானே.

பந்தி போட்டார்கள். எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள், நானும் போய் வரிசையில் உட்கார்ந்தேன். இலை போட்டுக்கொண்டே வந்த பிரவீணாவின் அம்மா காத்தாயி என்னைப் பார்த்ததும் நின்றார். "நீங்க எந்திரிங்கம்மா, நாற்காலில குந்துங்க," என்று கைபிடித்து எழுப்பி உட்காரவைத்தார். உள்ளே போய் ஒரு கூல்டிரிங்ஸ் பாட்டில் கொண்டுவந்தார்.

"ஒங்களுக்குன்னு தனியா வாங்கியாந்தம்மா. மூடி ஒடைக்காதது."

இதே அம்மா முதல் தடவை நான் திருமானூர் போனபோதும் தயங்கித்தான் நின்றார். அன்று பிரவீணா அதட்டினாள்: "யம்மா, அவ அப்புடி இல்ல. சோத்தப் போடு."

இன்று அவள் இரண்டடி தள்ளி சாம்பார் வாளியோடு நின்றாள். பார்த்தாள். அவள் அதட்டுவாள் என்று காத்திருந்தேன். எனக்கும் ஒரு எல போடுடி என்று தொண்டை வரைக்கும் வந்தது. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்க? அவள் குனிந்து அடுத்த இலைக்குச் சாம்பார் ஊற்றினாள்.

மூடியைத் திருகினேன். முழு பாட்டிலையும் குடித்தேன்.

ஐந்து மணிக்கு வீடு வந்தேன். அத்தை வாசலிலேயே கேட்டார்.

"அங்க ஒண்ணும் சாப்புடலையே?"

"இல்லத்தை," என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.