பித்தளைத் திருகும் என் பாத்திர மூடியும்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுறது. இங்க நான் சுகம், உங்க அப்பா சுகம், அவரோட புது இடுப்பு சுகம், படகும் சுகம். அதே மாதிரி நீயும் மாப்பிள்ளையும் அங்க ஒரு குறையும் இல்லாம இருக்கணும். முதல்ல நல்ல சேதியைச் சொல்லிடுறேன், இல்லன்னா நீ நகத்தைக் கடிச்சுக்கிட்டே படிப்பே. அப்பா இன்னிக்குக் காலையில படகுல போயிட்டு பத்திரமா திரும்பி வந்துட்டாரு. விழலை, வழுக்கலை, எதையும் தாண்டலை. என் வயித்துல பால் வார்த்த மாதிரி இருக்கு, கையோட உக்காந்து உனக்கு எழுதுறேன்.

படகை வித்துடுங்கன்னு நீ போன்ல சொன்னதுக்கப்புறம் இங்க நடந்தது உனக்கு முழுசாத் தெரியாது. நீ சொன்னது தப்புன்னு நான் சொல்லலை, இடுப்பெலும்பு மாத்தி வச்ச மனுஷன் ஆடுற படகுல குறுக்குப் பலகையைத் தாண்டித் தாண்டிப் போனா யாருக்குத்தான் பயம் வராது. ஆனா போனை என் கையில கொடுத்துட்டு எழுந்து போனவரு போனவருதான். உன் போன் வந்தாலே குளியலறைக்குள்ள போயிடுவாரு. அப்பா குளிக்கிறாருன்னு ஒவ்வொரு தடவையும் உங்கிட்டச் சொன்னேனே, அவ்வளவு குளிச்சிருந்தா மனுஷன் கரைஞ்சே போயிருப்பாரு. நாள் பூரா ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உம்முன்னு உக்காந்து, தார்ப்பாய் போட்டு மூடின படகையே பார்த்துக்கிட்டு இருப்பாரு. என்ன சமைக்கட்டும்னு கேட்டா உன் இஷ்டம்பாரு, போட்டதைக் குறை சொல்லாம சாப்பிடுவாரு. குறை சொல்லாம சாப்பிடுற உங்க அப்பாவை நீ என்னிக்காவது பார்த்திருக்கியா? எனக்கு அதுதான் பெரிய பயமாப் போச்சு, இப்படியே விட்டா ஆளு உள்ளுக்குள்ளயே செத்துடுவாருன்னு.

அதனால அவருக்குத் தெரியாம டாக்டரம்மாகிட்ட நானே கேட்டேன். பலகையைத் தாண்டுற வேலை கூடவே கூடாது, துறையில இருந்து நேரா சமதளத்துல கால் வச்சு அங்கயே உக்காருற மாதிரி இருந்தா, தனியாப் போகாம இருந்தா, போகலாம்னு சொன்னாங்க. வீட்டுக்கு வந்து அப்பாகிட்டச் சொன்னேன். படகுல முன்னாடி இருக்குற சின்ன மேடையை உக்காருற நடுப்பலகை வரைக்கும் நீட்டிட்டா சரியாப் போச்சேன்னு சொல்லிக்கிட்டே ஒரு கையில ஊன்றுகோலும் இன்னொரு கையில அளவு டேப்புமா கிளம்பிட்டாரு பாரு, எனக்குச் சிரிக்கிறதா அழுறதான்னு தெரியலை.

அப்புறம் எதுல தளம் போடுறதுன்னு ஒரே ரகளை. நம்ம பின்வாசல் பக்கம் வெல்டிங் கடை வச்சிருக்காரே, வாய் ஓயாத மனுஷன், படகே அலுமினியம், தளமும் அலுமினியத் தகடுதான் போடணும்னு ஒத்தைக் கால்ல நின்னாரு. வெயில்ல அது காய்ஞ்சா மீனைப் பிடிச்சு அதுலயே வறுத்துக்கலாம், ஒரு கரண்டி விழுந்தா போடுற சத்தத்துல மீனெல்லாம் ஊரைவிட்டே ஓடும்னு அப்பா சொல்லிட்டாரு. பிளாஸ்டிக் பலகை கனம், வெயில்ல வளையும். சாதா பிளைவுட் தண்ணியைக் குடிச்சு உப்பும். நான் மேல கம்பளம் போடலாம்னேன், ஈரத்துல நாறும்னு என் வாயை அடைச்சுட்டாரு. கடைசியில படகுக்குன்னே செய்யுற பிளைவுட், அது மேல நாலு பக்கமும் பிசின் பூச்சு, கால் வழுக்காம இருக்க மேல சொரசொரன்னு ரப்பர் விரிப்புன்னு முடிவாச்சு. ஆயுசு முழுக்கக் கதவும் ஜன்னலும் செஞ்ச தச்சராச்சே உங்க அப்பா, மரத்தைத் தொட்டதும் முகமே மாறிடுச்சு, சாப்பாட்டுல உப்பு ஜாஸ்தின்னு அன்னிக்கே சத்தமும் போட்டாரு. எனக்கு அப்படியே காது குளிர்ந்துச்சு.

இங்கதான் வந்துது வினை. உங்க அப்பாகிட்ட ஒரு டப்பா பித்தளைத் திருகு இருக்கே, நல்ல வேலைக்கு ஆகும்னு யார் கேட்டாலும் தராம வச்சிருந்தது, என் நகையைக்கூட அவரு அப்படிப் பாதுகாத்ததில்லை. தண்ணியில நனையுற மரத்துக்குப் பித்தளைதான் ராஜா, துருவே பிடிக்காதுன்னு சொல்லி அதை எடுத்துப் பலகையை அலுமினியச் சட்டத்தோட சேர்த்து முறுக்க ஆரம்பிச்சுட்டாரு. பாதி வேலை முடிஞ்சும் போச்சு. அதே சமயம் என் பெரிய அலுமினியப் பாத்திரத்தோட மூடியைக் காணோம்னு நான் வீட்டையே தலைகீழாப் புரட்டிக்கிட்டு இருந்தேன். கடைசியில எங்க இருந்துச்சு தெரியுமா, உசிரோட இரை மீன் போட்டு வைக்கக் கடல்தண்ணி பிடிச்சு வச்சிருப்பாரே, அந்த வாளிக்குள்ள. தகரம், தகடுன்னு எதுலயும் கைவச்சுப் பழக்கமில்லாத மனுஷன், வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி என் மூடியில ஓட்டை போட்டு, ஒரு மரத்துண்டை வச்சுத் திருகு முறுக்கிப் பழகிட்டு, நான் பார்த்துடக் கூடாதுன்னு அந்த வாளித் தண்ணியில அமுக்கிட்டாரு! எனக்கு வந்துதே ஆத்திரம். கையில எடுத்துக் கத்த வாயைத் திறந்தேன், அப்படியே மூடிக்கிட்டேன். திருகு ஒவ்வொண்ணைச் சுத்தியும் வெள்ளை வெள்ளையா மாவு மாதிரி பூத்திருக்கு, ஓட்டையெல்லாம் அகண்டுபோச்சு, விரலால தொட்டதும் ஒரு திருகு தானா கழண்டு விழுந்துச்சு.

கொண்டுபோய் அவரு முன்னாடி வச்சேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பார்த்தாரு, கழட்டித் துடைச்சு மாட்டி மறுபடியும் பார்த்தாரு. வெல்டிங்காரரு எட்டிப் பார்த்துட்டு, உப்புத்தண்ணி பட்டா பித்தளைக்கு ஒண்ணும் ஆகாதுங்க, பக்கத்துல இருக்குற அலுமினியத்தைத்தான் அது அரிச்சுத் தின்னும், இதுக்குத்தான் தகடு போடச் சொன்னேன்னு சிரிச்சாரு. அப்பா திருப்புளியைக் கீழ வச்சுட்டாரு. போச்சுடா, திரும்ப நாற்காலிதான்னு நினைச்சேன். நடுக்கடல்ல தளம் பேர்ந்திருந்தா என்ன ஆயிருக்கும்! ஆனா அவரு நாற்காலிக்குப் போகலை. திரும்பவும் திருப்புளியை எடுத்து, முறுக்கின திருகை எல்லாம் ஒண்ணுவிடாம கழட்டினாரு. துருப்பிடிக்காத எஃகுத் திருகு வாங்கி, ஒவ்வொண்ணுக்கும் அடியில பிளாஸ்டிக் வளையம், மரத்துக்கும் அலுமினியத்துக்கும் நடுவுல ரப்பர் பட்டைன்னு ஒண்ணை ஒண்ணு தொடாம செஞ்சு முடிச்சாரு. தப்பிச்சதுக்கு என் மூடிக்குத்தான் நன்றி சொல்லணும், அவரு எனக்குச் சொன்னாரான்னு கேக்காதே.

இப்ப கேளு, இதுக்குத்தான் இவ்வளவு எழுதினேன். அந்த எஃகுத் திருகை முறுக்குறதுக்கு முன்னாடி, தளத்துக்கு அடியில எத்தனை தாங்குகட்டை வைக்கிறது, முன்னாடி மூக்கு அமுங்காம இருக்க பேட்டரியை எவ்வளவு பின்னால தள்ளுறதுன்னு பார்க்க, அங்க நிக்கப்போறவங்க எடை வேணுமாம். என்னைக் கேட்டாரு, கொஞ்சம் குறைச்சுச் சொன்னேன், மேலயும் கீழயும் ஒரு பார்வை பார்த்துட்டு அவரே கூட்டிக்கிட்டாரு. அப்புறம் பலகையை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுக்கிட்டே, தலையை நிமிர்த்தாம, அவ இப்ப எவ்வளவு இருப்பான்னு கேட்டாரு. யாருன்னு கேட்டேன், தெரியாமலா, அவரு வாயால கேக்கணும்னுதான். உன் மகதான், லீவுல வந்தா எதையும் பிடிக்காம முன்னாடி போய் நிப்பாளே, அப்ப பலகை லேசா அமுங்கினாலும் நான் அப்பவே சொன்னேன்ல விக்கச்சொல்லின்னு ஆரம்பிச்சுடுவாளேன்னாரு. நான் முந்தானையை எடுத்துக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன். உன் எடை எனக்குத் தெரியாததால, இன்னிக்குக் காலையில வெல்டிங்காரரு மோட்டார் ஓட்ட, அப்பா நடுவுல உக்கார, நீ நிக்கிற இடத்துல ஒரு மணல் மூட்டையை வச்சுக்கிட்டுப் போனாங்க. கரைக்கு வந்து எல்லாத்தையும் இறக்கினாங்க, மூட்டையை மட்டும் அங்கயே இருக்கட்டும்னு சொல்லிட்டாரு.

அதனால உன் எடையை மறக்காம எழுது, உண்மையான எடையை எழுது, என்னை மாதிரி குறைச்சுடாதே. நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி கண்ணு முழிக்காதே. ஞாயித்துக்கிழமை போன் பண்ணு, அப்பா குளிக்க மாட்டாரு. நீயும் மாப்பிள்ளையும் எந்நாளும் சிரிச்ச முகமா இருக்கணும்னு வாழ்த்துற,

உன் அம்மா

எழுதி முடிச்சு மடிக்கும்போது அப்பா வந்து தோளுக்கு மேல எட்டிப் பார்த்தாரு. செருப்பு போட்டுக்கிட்டு எடை பார்க்கச் சொல்லு, வெறுங்காலோட அவளைத் தளத்துல ஏத்த மாட்டேன்னாரு.